குரங்குக்கு ஒரு சலாம்

யானையைக் கண்டால் நாம் வியக்கிறோம். புலியைக் கண்டால் நடுங்குகிறோம். பசுவைக் கண்டால் பாலை நினைக்கிறோம். ஆட்டைக் கண்டால், உண்மையை ஒளிப்பானேன், பிரியாணியை நினைக்கிறோம். குரங்கைக் கண்டால் மட்டும் காரணம் கேளாமலே சிரித்து விடுகிறோம். வழக்கறிஞரும் சிரிக்கிறார், வண்டிக்காரரும் சிரிக்கிறார், சுற்றுலா வந்த பள்ளிச் சிறுவனும் சிரிக்கிறான், அவனை அதட்டி நிறுத்திய ஆசிரியரோ கைக்குட்டையால் வாயை மறைத்துக் கொண்டு சிரிக்கிறார். இச்சிரிப்பின் பொருள் என்ன? இது நியாயமான சிரிப்புத்தானா? சிரித்து முடித்த பிறகு அந்தப் பிராணிக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் ஏதேனும் உண்டா? விளையாட்டாகத் தோன்றும் இவ்வினாக்களுக்குள் விளையாட்டல்லாத ஒன்று ஒளிந்திருக்கிறது. அதனைச் சற்றே ஆராய்வோம்.

ஆராய்ச்சிக்கு நாம் நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் அழகர் மலை. அடிவாரத்தில் பேருந்து நின்றதும் நம்மை முதலில் வரவேற்போர் கடைக்காரர்கள் அல்லர், குரங்குகளே. உச்சியில் நடு வகிடெடுத்துப் படிய வாரிவிட்டது போன்ற மயிர். கவலை தேங்கிய முகம். பெரிய குடும்பத்தைத் தாங்கும் தலைவரின் நெற்றிச் சுருக்கம். தென்னிந்தியாவுக்கே உரிய இந்த நாட்டுக் குரங்கு, தலைமயிரின் தோற்றத்தால் குல்லாய்க் குரங்கு என்றும் பெயர் பெற்றது. குல்லாய் அணிந்தவரெல்லாம் ஒழுங்காக நடப்பார் என்று எதிர்பார்ப்பது தவறு என்பதை இது அன்றாடம் மெய்ப்பித்து வருகிறது.

இறைவன் இதற்குக் கன்னத்தின் உட்புறம் இரண்டு பைகளை வைத்துத் தந்திருக்கிறான். கிடைத்ததை முதலில் பைக்குள் அடக்கிக் கொண்டு, ஆபத்தில்லா இடத்தில் அமர்ந்து ஆற அமர மெல்லுவது இதன் வழக்கம். கல்யாணப் பந்தியில் இலைமுன் அமர்ந்ததும் வாழைப்பழத்தை மடியில் முடிந்து கொள்ளும் பெரியவர்களை நாம் பார்த்ததில்லையா? அவர்களுக்கு மடி, இதற்குக் கன்னம். வேறுபாடு அவ்வளவே.

இதன் குடும்ப ஒழுங்கும் கருதத்தக்கது. பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தாயோடும் தமக்கையோடும் வாழ்நாள் முழுதும் தங்கிவிடுகின்றன. வளர்ந்த ஆண்களே கூட்டம் விட்டுக் கூட்டம் பெயர்ந்து, முன்பின் அறியாதவரிடையே பணிந்து நடந்து இடம் பிடிக்க வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவரும் காயல்பட்டினத்து, கீழக்கரை வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை தோன்றாது. அவ்வூர் மாப்பிள்ளைமார் நம்மை மன்னிப்பார்களாக. ஒன்றன் முதுகை ஒன்று கோதிப் பேன் பார்ப்பது வெறும் துப்புரவுப் பணியன்று. அதுவே அவற்றின் நலம் விசாரிப்பு. அதுவே சமாதானப் பேச்சு.

திருப்பரங்குன்றத்திலும் இவை உண்டு. அங்கே மலையடிவாரத்தில் முருகன் கோயில். உச்சியில் சிக்கந்தர் தர்கா. மலையேறுகிறவரின் கையில் இருப்பது அர்ச்சனைத் தேங்காயா, பாத்திஹா ஓதிய சர்க்கரையா என்று குரங்கு விசாரிப்பதில்லை. இரண்டையும் ஒரே பசியோடு பெற்றுக் கொள்கிறது. இவ்வொரு செய்தியில் அது நம்மிற் சிலரைக் காட்டிலும் தெளிவுடையது என்று சொன்னால் யாரும் சினம் கொள்ளலாகாது.

நம் தமிழ் முன்னோர் குரங்கைப் பார்த்த பார்வை வேறு. தொல்காப்பிய மரபியல் பெண் குரங்கை மந்தி என்று கூறச் சொல்கிறது. அதன் இளமைக்குக் குட்டி என்று ஒரு பெயர் மட்டும் கொடுத்து நிறுத்தவில்லை. மகவு என்றும் பிள்ளை என்றும் வழங்க இடந்தருகிறது. நம் வீட்டுக் குழந்தைக்கு வைத்த சொல்லையே மரக்கிளையில் பிறந்த குழந்தைக்கும் இலக்கணம் அனுமதித்திருக்கிறது! சங்கப் புலவருள் ஒருவர் பெயரே மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார். கடுவன் என்பது ஆண் குரங்கின் பெயர். அவருக்கு அப்பெயர் வந்த காரணம் எதுவாயினும், அதனைத் தாங்கிக் கொண்டு தமிழ்ச் சான்றோர் வரிசையில் உட்கார அவர் நாணவில்லை.

கபிலர் குறுந்தொகையில் ஒரு காட்சி வைக்கிறார். பாறைமேல் காட்டு மயில் இட்ட முட்டையை வெயிலில் ஆடும் முசுவின் குட்டி உருட்டி விளையாடுகிறது. அகநானூற்றிலோ, காட்டிலே நடக்கும் ஓர் ஆடலரங்கையே அமைத்து விடுகிறார். மூங்கில் துளையில் காற்று குழலூதுகிறது, அருவி முழவாகிறது, மயில் ஆடுகிறது. அவைக்கு வந்து மருண்டு நோக்கும் ரசிகர்கள் யார் தெரியுமா? மந்திகள்! கடுந்தோட் கரவீரனார் பாடலில் வரும் மந்தியோ நம்மைச் சிரிக்க விடாது. துணையாகிய ஆண் குரங்கு இறந்துபட, தனிமையைத் தாங்க மாட்டாத அது, இன்னும் தொழில் கல்லாத தன் குட்டியைச் சுற்றத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு மலைச்சரிவில் பாய்ந்து உயிர் விடுகிறது. இது புலவரின் கற்பனையாகவே இருக்கட்டும். குரங்குக்குத் துயரம் உண்டு, அடைக்கலம் கொடுக்கச் சுற்றம் உண்டு என்று கற்பனை செய்யத் துணிந்த உள்ளம் எத்தகையது!

நகைச்சுவைக்கும் அங்கே குறைவில்லை. ஊன்பொதி பசுங்குடையார் என்னும் புலவர் இளஞ்சேட்சென்னியைப் பாடிப் பெருஞ்செல்வம் பெற்று வீடு திரும்பினார். அதுவரை நகையே கண்டறியாத அவருடைய சுற்றத்தார் விரலுக்கு உரியதைக் காதிலும், காதுக்கு உரியதை விரலிலும், இடைக்கு உரியதைக் கழுத்திலும், கழுத்துக்கு உரியதை இடையிலும் மாட்டிக் கொண்டனர். சீதை வழியிற் போட்ட அணிகலன்களைக் கண்டெடுத்த குரங்குக் கூட்டம் போல் இருந்தது அக்காட்சி என்று புறநானூற்றிலே அவர் பாடிவிட்டார். கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் தம் உறவினரைக் குரங்குக்கு ஒப்பிட்டது இழிவுபடுத்த அன்று. பல காலம் வறுமையில் உழன்றவர்கள் ஒரு நாள் சிரிக்க நேர்ந்ததே என்னும் பூரிப்பில் அவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார். ஒருவரோடு சேர்ந்து சிரிப்பது வேறு. ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது வேறு. நம் வினாவின் விடை தொடங்கும் இடம் இதுதான்.

பிற்காலத்துப் பழமொழிகள் அந்தப் பூரிப்பை இழந்து விட்டன. குரங்கு கையில் பூமாலை என்கிறோம். பூமாலை வேண்டுமென்று குரங்கு எந்தக் காலத்தில் விண்ணப்பம் போட்டது? மாலையைக் கொண்டுபோய் அதன் கையில் கொடுத்தவர் மனிதர். பழி மட்டும் குரங்குக்கு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்கிறோம். கைத்திறன் இல்லாத குயவரின் குற்றம் அங்கே குரங்கின் தலையில் ஏறுகிறது. மனம் ஒரு குரங்கு என்கிறோம். மெய்யான குரங்கு பசித்தால் தேடுகிறது, வயிறு நிறைந்தால் அமர்ந்து விடுகிறது. நிறைந்த பின்னும் தாவுவது நம் மனந்தான். ஒப்புமையில் மான நஷ்டம் யாருக்கு?

பஞ்சதந்திரக் கதைகள் இந்தியாவிலிருந்து பாரசீகம் சென்று, 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ என்னும் அறிஞரின் கையால் 'கலீலா வ திம்னா'வாக அரபு மொழி புகுந்தன. தச்சன் விட்டுப்போன ஆப்பைப் பிடுங்கி அகப்பட்டுக் கொண்ட குரங்கு அதில் உண்டு. இதயத்தை மரத்திலே வைத்துவிட்டு வந்தேனே என்று சொல்லி, தன்னை வஞ்சிக்க நினைத்த நண்பனிடமிருந்து தப்பிய குரங்கும் அதில் உண்டு. இங்கே முதலையாக இருந்த அந்த நண்பன் அரபு நாட்டில் ஆமையாக மாறினான். குரங்கு மட்டும் குரங்காகவே இருந்தது. ஒரு நூலிலேயே குரங்கு மூடனாகவும் வருகிறது, மேதையாகவும் வருகிறது. மனிதரிலும் அப்படித்தானே?

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். சனிக்கிழமைக் கட்டளையை மீறிய கூட்டத்தார் குரங்குகளாகுமாறு சபிக்கப்பட்ட வரலாறு திருக்குர்ஆனில் வருகிறதே. அப்படியாயின் குரங்கு இழிந்த பிறவிதானே என்று சிலர் கருதுகின்றனர். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் காணப்படுகிறது. உருமாற்றப்பட்டோருக்கு இறைவன் சந்ததியை வைக்கவில்லை என்றும், குரங்குகள் அதற்கு முன்பிருந்தே இருந்து வந்தன என்றும் நபிகள் நாயகம் (ஸல்) தெளிவுபடுத்தினார்கள். ஆகவே அழகர் மலையில் நம் கைப்பையைப் பறித்த குரங்கு எந்தப் பாவியின் வாரிசும் அன்று. அது தன் சொந்தக் கணக்கிலேயே பறிக்கிறது. தண்டனை என்பது மனிதன் தன் நிலை இழந்ததில் இருந்தது. குரங்கு குரங்காக இருப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. பூமியில் ஊரும் உயிர்களும் சிறகால் பறக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்தை 'அல் அன்ஆம்' அத்தியாயத்தின் 38ஆம் வசனம் உணர்த்துகிறது. சமுதாயம் என்று இறைவன் மதித்ததை வேடிக்கைப் பொருள் என்று நாம் தள்ளிவிட முடியுமா? சீறாப்புராணத்தில் வேடனிடம் சிக்கிய மானுக்கு அண்ணலார் பிணை நின்ற படலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் உருகி உருகிப் படித்ததும், விலங்கின் சொல்லுக்கும் ஒரு மதிப்புண்டு என்னும் உணர்வினால் அன்றோ?

குரங்கு தத்துவமும் போதிக்கும். வைணவப் பெரியோர் இறையருளை விளக்கும்போது மர்க்கட நியாயம், மார்ஜால நியாயம் என இருவகை கூறுவர். குரங்குக் குட்டி தானே தாயின் வயிற்றை இறுகப் பற்றிக் கொள்கிறது. பூனைக் குட்டியோ ஒன்றும் செய்யாமல் கிடக்க, தாய் அதனைக் கவ்விச் செல்கிறது. அடியான் முயல வேண்டுமா, சும்மா இருந்தாலே அருள் வருமா என்பது வழக்கு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டு என்னும் நபிமொழியை அறிந்த நமக்கு அந்தக் குரங்குக் குட்டி அந்நியமாகத் தோன்றவில்லை. தாய் கிளை விட்டுக் கிளை பாய்கிறாள். தாய் விழமாட்டாள் என்பது அதன் நம்பிக்கை. ஆயினும் அது கையைத் தளர்த்துவதில்லை. தவக்குல் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் எங்கே கிடைக்கும்?

வாலில்லாப் பேரினங்களைப் பற்றியும் இரண்டு சொல். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய நம் முன்னோர் மலாய் மொழியில் ஒராங் என்றால் மனிதர், ஹூத்தான் என்றால் காடு என்று நன்கு அறிவர். சுமத்ரா, போர்னியோக் காடுகளில் வாழும் செம்மயிர்ப் பேரினத்துக்கு வழங்கும் ஒராங் ஊத்தான் என்ற பெயருக்குக் காட்டு மனிதர் என்பதே பொருள். 1960இல் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில் ஜேன் குடால் அம்மையார் ஒரு சிம்பன்சி புல்தண்டைப் புற்றுக்குள் விட்டுக் கறையான் பிடித்துத் தின்பதைக் கண்டார். கருவி செய்பவன் மனிதன் மட்டுமே என்று அதுவரை எழுதி வைத்திருந்த இலக்கணம் அன்று ஆட்டங் கண்டது. 2003இல் சாரா பிராஸ்னன், ஃபிரான்ஸ் டி வால் ஆகிய இருவரும் வெளியிட்ட சோதனை இன்னும் சுவையானது. அமெரிக்கக் கண்டத்துக் கப்பூச்சின் குரங்குகள் இரண்டும் ஒரே வேலையைச் செய்தன. ஒன்றுக்கு வெள்ளரித் துண்டும் அடுத்ததற்குத் திராட்சையும் கூலியாகக் கொடுத்தனர். அதுவரை வெள்ளரியை மகிழ்ந்து தின்ற குரங்கு, பக்கத்துக் கூலியைக் கண்டபின் வேலைநிறுத்தம் செய்தது. எந்தச் சங்கத்திலும் சந்தா கட்டாமலே அது இதனைக் கற்றிருந்தது!

மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று டார்வின் சொன்னதாகக் கூறி இரு தரப்பாரும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சண்டையிடுகின்றனர். இன்றைய குரங்கு நம் பாட்டனார் என்பது அறிவியலாரின் கூற்றன்று. பண்டைய பொது மூலத்திலிருந்து பிரிந்த கிளைகள் என்பதே அவர்கள் கூற்று. அவ்வழக்கை இங்கே நாம் தீர்க்கப் போவதில்லை. உறவுமுறை எதுவாயினும், கடன்முறை ஒன்று உண்டு என்பதே நாம் சொல்ல வந்தது.

கருவுற்ற பெண்ணின் மருத்துவச் சீட்டில் இரத்த வகையோடு 'ஆர்எச்' என்று எழுதுகிறார்களே, அது ரீசஸ் என்னும் வட இந்தியச் செம்முகக் குரங்கின் பெயர். 1940இல் லேண்ட்ஸ்டைனரும் வீனரும் அக்குரங்கின் இரத்தத்தைக் கொண்டு செய்த ஆராய்ச்சியால் வந்தது. 1955இல் வெளிவந்த ஸால்க்கின் போலியோத் தடுப்பு மருந்து குரங்கின் சிறுநீரகச் செல்களில் வளர்க்கப்பட்டது. நம் குழந்தைகள் கால் முடங்காமல் ஓடுவதற்கு எத்தனையோ குரங்குகள் கூண்டில் முடங்கின. மருத்துவத்துக்கென்று வாங்கிச் சென்ற குரங்குகளைப் போர் ஆயுதக் கதிர்வீச்சுச் சோதனைக்கும் பயன்படுத்தினர் என்று வெளிப்பட்ட பின், 1978இல் இந்திய அரசு குரங்கு ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. உயிர் காக்க ஓர் உயிரைப் பயன்படுத்துவது ஒரு வழக்கு. உயிர் மாய்க்கும் கலைக்குப் பயன்படுத்துவது வேறு வழக்கு. அந்த எல்லையைக் கோடிட்டுக் காட்டியது அம்முடிவு.

ஒரு காலத்தில் மதுரைத் தெருக்களில் குரங்காட்டி வருவார். குரங்கு கோலைத் தோளில் வைத்து நடக்கும், குட்டிக்கரணம் போடும், ஐயாவுக்கு ஒரு சலாம் போடு என்றதும் அதன் கை நெற்றிக்குப் போகும். கூட்டம் சிரித்துக் காசு போடும். கழுத்துக் கயிற்றையும் மறு கையில் இருந்த பிரம்பையும் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. வித்தை காட்டத் தடைசெய்யப்பட்ட விலங்குகளின் பட்டியலில் 1998இல் குரங்கும் கரடியும் புலியும் இடம் பெற்றன. 2011இல் அப்பட்டியலில் காளை சேர்க்கப்பட்டது. 2014இல் சல்லிக்கட்டுக்குத் தடை வந்தது. 2017இல் அலங்காநல்லூர் முதல் மெரினா வரை மக்கள் திரண்டெழுந்தனர். குரங்குக்காக எந்தக் கடற்கரையிலும் யாரும் கூடவில்லை, குரங்கும் எதிர்பார்க்கவில்லை. குரங்காட்டியின் பிழைப்பு என்னாயிற்று என்றும் எவரும் கேட்கவில்லை. கயிற்றின் இரு முனையிலும் பசி கட்டப்பட்டிருந்தது என்பதை நியாயம் பேசுவோர் மறக்கலாகாது.

இனி, நம் காலத்துக் கேள்விக்கு வருவோம். கயிறு போய்விட்டது. ஆனால் பிஸ்கட் பொட்டலம் வந்திருக்கிறது. அழகர் கோயில் சாலையிலும் சிறுமலை வளைவுகளிலும் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பழமும் முறுக்கும் வீசுகிறோம். பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். ஏதோ ஒரு வாயில்லாப் பிராணிக்கு உணவளித்தோம் என்னும் நிறைவோடு வண்டியைக் கிளப்புகிறோம். இது தருமமா? வேடிக்கையா?

தருமத்தின் இலக்கணம் பெறுபவரின் நன்மை. சாலையோரத்தில் கிடைக்கும் தீனிக்காகக் குரங்கு காட்டை விட்டு இறங்குகிறது, தார்ச்சாலையில் அமர்கிறது, அடுத்த வண்டி ஏறிச் சிலவற்றைக் கொன்று போகிறது. மனிதனிடம் இருக்க வேண்டிய அச்சம் நீங்குகிறது. கொடுத்ததை வாங்கிய கை கொடாததைப் பறிக்கிறது. ஒரு நாள் ஒரு குழந்தையைக் கடிக்கிறது. உடனே புகார் எழுகிறது, கூண்டு வருகிறது, பிடித்துப்போய் வேறொரு காட்டில் விடுகிறார்கள். அங்கே வேறொரு கூட்டம் முன்பே குடியிருக்கிறது. விரட்டப்பட்டது அடுத்த ஊருக்குள் இறங்குகிறது. முதற் பொட்டலத்தை வீசிய தருமவான் இத்தனையும் அறியாமல் வீட்டில் அமர்ந்து, குரங்குத் தொல்லை பெருகிவிட்டதென்று செய்தித்தாளில் படித்துத் தலையை ஆட்டிக் கொள்கிறார்! கொடுப்பவரின் சிரிப்புக்காகக் கொடுக்கப்படுவது தருமம் ஆகாது; அது காசு போட்டு வித்தை பார்ப்பதன் மறுவடிவம். பிரம்பு இல்லை என்பது ஒன்றே வேறுபாடு.

அப்படியானால் பசித்த பிராணிக்கு நாம் ஒன்றுமே செய்ய வேண்டாமா? வேண்டும். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்பது நபிமொழி. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்த புகழ் இன்றும் மக்கள் நாவில் வாழ்கிறது. நிழல் சாலைகளின் ஆலும் அரசும் புளியும் வழிப்போக்கனுக்கு நிழலாகவும் குரங்குக்கு வீடாகவும் விளங்கின. நான்கு வழிச் சாலைகள் வந்தபோது அம்மரங்களிற் பல சாய்ந்தன. குரங்கு நம் ஊருக்குள் புகுந்துவிட்டது என்று சொல்லும்போது, அதன் ஊருக்குள் நாம் புகுந்ததை ஏன் மறந்து விடுகிறோம்? நாம் நடும் ஓர் அத்தியும் ஒரு நாவலும் கையேந்த வைக்காமல் ஊட்டும். குரங்கு தன் கன்னப்பையிலிருந்து உமிழும் விதைகளோ நாம் நடாத இடத்திலும் முளைக்கும். ஒரு ஸதகாவை வாங்கி அதனைப் பெருக்கித் திருப்பித் தரும் பிராணி இது.

அரசும் இவ்வழியில் ஓர் அடி வைத்திருக்கிறது. 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று தமிழ்நாடு அறிவித்தது. குரங்கினத்தின் தூரத்து உறவான தேவாங்கு, இரவிலே பெருவிழி விழித்துப் பூச்சி தின்று வாழும் சிறு பிராணி. தேவாங்கு மாதிரி விழிக்காதே என்று பிள்ளைகளை நாம் திட்டி வந்தோம். இன்று அந்த விழிகளுக்கென்றே ஒரு காடு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஏளனச் சொல்லுக்கு இதைவிட நல்ல பரிகாரம் இல்லை.

ஆதலின், குரங்கைக் கண்டு சிரிப்பதை விட்டுவிடுங்கள் என்று நாம் உபதேசிக்க வரவில்லை. அச்சிரிப்பு இறைவன் தந்த நல்ல மருந்து. நம் பேராசையையும் பதவிச் சண்டையையும் குழந்தைப் பாசத்தையும் உடுப்பில்லாமல் எதிரே பார்க்கும்போது எழும் சிரிப்பு அது. ஊன்பொதி பசுங்குடையார் சிரித்தது போல் உறவோடு சிரிப்போம். கையில் பொட்டலம் இன்றி, பத்தடி தள்ளி நின்று சிரிப்போம். பிள்ளைகளுக்கு அதன் வீட்டையும் அதன் மரத்தையும் காட்டுவோம். மழை தொடங்கும் மாதத்தில் ஒரு கன்றை ஊன்றுவோம். கழுத்தில் கயிற்றோடு பல தலைமுறை குரங்கு நமக்குச் சலாம் போட்டது. கயிறில்லாத ஒரு பதில் சலாம் நம்மிடம் இன்னும் பாக்கி நிற்கிறது. சலாத்துக்குப் பதில் சொல்வது கடமை என்பதை நமக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லையே!